ஒரு கரவனும் மூன்று சொக்கோர்சோவும்

“அவையள் ரெண்டு பேருக்கும் பின்னுக்கு எடுக்கத் தெரியாதடி. போற கரவன் எப்பிடித் திரும்பி வரும்?”

“உலகம் உருண்டைதானே அக்கா. நேரை போகச் சொல்லுங்கோ. வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.”

பலெர்மோவின் சீசாப் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு தமிழ்ப் பெண்களின் பேச்சு இது. நான் அவர்களைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி. யாரும் எங்களைக் கவனிப்பதில்லை, ஆகவே எல்லாம் காதில் விழும்.

வண்டி பழுதாவதற்கு முன்பே அது எப்படியெல்லாம் பழுதாகும் என்று சொல்லி விற்பதுதான் எங்கள் தொழில். இத்தாலியர்கள் அதற்குச் சொக்கோர்சோ என்பார்கள். நடுவழியில் கார் நின்றால் ஓர் எண்ணுக்கு ரெலிபோன் எடுத்தால் ஆள் வரும். எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோரா கிராசியெல்லாவின் சிறிய அலுவலகத்தில் அதை மூன்று அளவில் விற்றோம். சின்னது காரை மட்டும் தூக்கும். பின்னால் கொழுவியிருக்கும் கரவன், அதுதான் அந்தச் சில்லு வீடு, தெருவில் அநாதையாக நிற்கும். நடுவானது கரவனையும் தூக்கும், ஆனால் இத்தாலிக்குள் மட்டும். பெரியது வெளிநாட்டிலும் வரும், படுக்க ஹொட்டேல் தரும், வீடுவரை கொண்டுவந்தும் விடும்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: மூன்று பொருள் இருந்தால் வாடிக்கையாளர் நாலாவதைத்தான் கேட்பார்.

பாரமில்லாத விருந்தாளி

அன்று காலை பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு மரியதாஸ் அண்ணா வந்தார். மன்னார்க்காரர். பின்னால் அவருடைய மனைவி றீற்றா அக்கா, இடுப்பில் கைக்குழந்தை. பஸ் தரிப்பில் கேள்வி கேட்டவர் அவர்தான். கூடவே சிவனேசன் அண்ணா, யாழ்ப்பாணம், சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்தில் வேலை. இரண்டு குடும்பமும் பங்குபோட்டு ஒரு பழைய கரவன் வாங்கியிருந்தார்கள். அது அந்தத் தோட்டத்தில் நின்றது. தோட்டத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு கேற். நேரே உள்ளே போய் நேரே வெளியே வரலாம்.

விஷயம் பெரியது. ஸ்ருட்கார்ட்டில் மரியதாஸ் அண்ணாவின் அக்காவுடைய மகளுக்கு ஓகஸ்ட்டில் கல்யாணம். அக்காவைக் கண்டு பதினொரு வருஷம். பெர்மெஸ்ஸோ என்ற இத்தாலிய வதிவிட அனுமதி இருந்தால் விசா இல்லாமலே ஜேர்மனிக்குப் போய்வரலாம் என்று அந்த வருஷம்தான் வழி திறந்திருந்தது. தாய்மாமன் வந்து பக்கத்தில் நிற்காமல் கோயிலுக்குள் போகமாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாளாம். சிவனேசன் அண்ணாவுக்கும் அங்கே ஒரு தம்பி. இரண்டு வீட்டாருமாக ஒன்பது பேர். அக்காவின் வீட்டில் இரண்டே அறை.

ஹொட்டேலில் நின்றால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கவலையோடு என்னைப் பார்த்தார்.

“சொந்தக்காரருக்குப் பாரமா இருக்கக்கூடாது தங்கச்சி. அதுதான் வீட்டையும் இழுத்துக்கொண்டு போறன்.”

படித்த பெண் வாசித்தால்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பல்கலைக்கழகம் போனதால் வந்தது. எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பேன். சிஞ்ஞோரா மூன்று அளவையும் மூன்று கோப்பிக் கோப்பை போல விரலால் காட்டி இரண்டு நிமிஷத்தில் விற்பார். நான் விதிப் புத்தகத்தைத் திறந்து, நிமிர்ந்து யாரையும் பார்க்காமல், தமிழில் மொழிபெயர்த்து வாசித்தேன். அச்சு முறிதல். சில்லுக் கழன்று தனியே ஓடுதல். கொழுக்கி விடுபட்டு கரவன் காரை முந்துதல். தீ. களவு. ஆலங்கட்டி மழை. காட்டு மிருகம் குறுக்கே பாய்தல்.

மரியதாஸ் அண்ணாவின் நெற்றியில் வேர்வை. சிவனேசன் அண்ணா எழுந்து போய் யன்னலைத் திறந்தார். றீற்றா அக்கா மட்டும் பிள்ளையைத் தட்டிக்கொண்டு, “பின்னுக்கு எடுக்கேக்கை என்னவும் நடந்தா?” என்று கேட்டார். “நாங்கள் ஏன் பின்னுக்கு எடுக்கப்போறம்? நீர் சும்மா இரும்” என்றார் அண்ணா. பிறகு என் பக்கம் குனிந்து, ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல் கேட்டார்.

“பிள்ளை, இதுகள் ஒண்டும் நடக்காத மாதிரி ஒரு சொக்கோர்சோ இல்லையோ?”

எந்த வீடு?

அடுத்த கிழமை பெரியதுதான் வேண்டும் என்று முடிவெடுத்து வந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கார் திருத்த முடியாமல் போனால் நிறுவனமே உங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் என்ற பந்தியையும் வாசித்தேன். அண்ணாமார் இருவரும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில், எந்தக் கந்தோரிலிருந்து ‘திருப்பி அனுப்புதல்’ என்று கடிதம் வருமோ என்று பயந்திருந்தவர்கள். அது ரயில் ரிக்கற்றில் எழுதியிருந்தாலும் நாங்கள் அடுத்த ஸ்ரேசனில் இறங்கிவிடுவோம்.

வீடு என்றால் பலெர்மோ, சீசா, நாலாம் மாடி என்று விளக்கினேன். சிஞ்ஞோராவும் தன் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சிவனேசன் அண்ணா நம்பவில்லை.

“கார் பழுதெண்டு என்னைக் கட்டுநாயக்கா எயாப்போட்டிலை கொண்டுபோய் இறக்குவினமெண்டா, நான் காரைத் தள்ளிக்கொண்டே பலெர்மோவுக்கு வாறன்.”

சுரங்கத்துக்குள் பாதி

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. கரவன் பொது. ஆகவே இழுப்பதும் பொதுவாக இருக்கவேண்டும். பாதி வழி மரியதாஸ் அண்ணாவின் கார், மீதி வழி சிவனேசன் அண்ணாவின் கார். பிற்காலத்தில் ஒருவர் மற்றவருக்கு “என்ரை கார்தான் இழுத்தது” என்று சொல்லிக்காட்டக்கூடாதாம். எங்கள் சொக்கோர்சோவோ இழுக்கும் காரின் இலக்கத்தோடு ஒட்டியது. கரவன் எந்தக் காரில் கொழுவியிருக்கிறதோ அந்தக் காருக்குத்தான் உரிமை. கழற்றிக் கொழுவும் நேரத்தில் அது யாருடைய பிள்ளையும் இல்லை.

“சரி, எங்கே மாற்றுவீர்கள்?” என்று சிஞ்ஞோரா கேட்டார். சிவனேசன் அண்ணா வரைபடத்தை விரித்தார். ஜெனோவா வரை கப்பல். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கிருந்து ஒஸ்ரியா வழியாக ஸ்ருட்கார்ட். நூல் வைத்து அளந்து, சரி பாதியில் சிவப்புப் புள்ளி போட்டிருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளி மலைக்குள், ஒரு சுரங்கப் பாதையின் நடுவில் இருந்தது.

சிஞ்ஞோரா மேசையில் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். நிமிர்ந்து கண்ணைத் துடைத்தபடி, போக ஒரு காரும் வர ஒரு காரும் இழுக்கட்டும், இரண்டுக்கும் பெரியதை எடுங்கள் என்றார். நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் போனபின் அவர் என்னிடம் சொன்னார்.

“என் மூன்று சகோதரர்களும் அப்பாவின் வீட்டை இப்படி நூல் பிடித்துப் பிரித்திருந்தால், இன்றைக்கு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், சிஞ்ஞோரினா.”

மூன்றாவது கோடு

படிவத்தில் ஓட்டுநர் பெயருக்கு மூன்று கோடு. மரியதாஸ் அண்ணா முதலாவது. சிவனேசன் அண்ணா இரண்டாவது. “நானும் ஓடுறனான்” என்றார் றீற்றா அக்கா. அவர் மொந்தெல்லோவில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தார். கிழவருக்குக் கண் மங்கல். அவரை மருந்துக் கடைக்குக் காரில் கூட்டிப்போவதும், அவருடைய வள்ளத்தை இழுவை வண்டியில் ஏற்றி, காரில் கொழுவிக் கொட்டகைக்குள் விடுவதும் இவர்தான். லைசென்ஸ் ஐந்து வருஷமாகக் கைப்பையில் இருந்தது. இது அக்காவின் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை ஓட்டம் என்று எண்ணவில்லை.

அண்ணா சிரித்தார். வெறுமையாக விட்ட கோடு எனக்குப் பிடிக்காது. அது என் இன்னொரு கெட்ட பழக்கம். அண்ணாமார் இருவரும் வாசலில் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், றீற்றா அக்காவின் லைசென்ஸை வாங்கி, சத்தமில்லாமல் எழுதிவிட்டேன். வாதம் முடித்து வந்த மரியதாஸ் அண்ணா என்னிடமே நியாயம் கேட்டார்.

“கிழவனைப் பார்மசிக்குக் கொண்டுபோறதும் ஜேர்மனிக்கு ஓடுறதும் ஒண்டோ, தங்கச்சி?”

பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில்

இத்தாலியில் இந்தப் பத்திரங்கள் பணம் கட்டிய நாள் இரவு பன்னிரண்டுக்குத்தான் உயிர் பெறும். சிவனேசன் அண்ணா கலண்டரைக் கொண்டுவந்து, காலை பத்து மணிக்கு நல்ல நேரம், அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கோ என்றார். நள்ளிரவில் எந்த நல்ல காரியம் தொடங்கும் என்பது அவர் கேள்வி. மரியதாஸ் அண்ணாவும் அதே பத்து மணிக்குத்தான் பாதரைத் தோட்டத்துக்கு வரச்சொல்லியிருந்தார். பாதர் கரவனைச் சுற்றித் தண்ணீர் தெளிக்க, சிவனேசன் அண்ணா அதே சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க, எல்லாம் சுமுகமாக நடந்ததாம்.

ஆனால் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பதினாலு மணித்தியாலம் கரவனை யார் பார்ப்பது? இருவரும் என்னைக் கேட்டார்கள். நான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். றீற்றா அக்கா சொன்னார்:

“அதை அசையாமல் விட்டா ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை. அசைக்கிறவையளைத்தான் பாக்கவேணும்.”

இந்தியேத்ரோ

புறப்பட்ட நாளில்தான் தெரிந்தது, எல்லாவற்றுக்கும் பந்தி இருந்தது, தேவைப்பட்ட ஒன்றைத் தவிர.

பத்திரக் கட்டை அண்ணா எங்கள் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். சிஞ்ஞோரா என்னைத் துறைமுகத்துக்குத் துரத்தினார். பின்னேர வெயிலில் மூச்சுவாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தால், கப்பலின் வாய்க்கு முன்னால் கரவன் குறுக்கே நிற்கிறது. பின்னால் லொறிகள், ஹோர்ன் சத்தம். செம்மஞ்சள் மேலங்கி போட்ட துறைமுக ஆள் இரண்டு கையாலும் காற்றைத் தள்ளிக்கொண்டு “இந்தியேத்ரோ! இந்தியேத்ரோ!” என்று, பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். கரவன் இழுக்கும் கார்கள் எல்லாம் பின்னுக்கு எடுத்துத்தான் ஏறவேண்டுமாம், ஜெனோவாவில் நேரே இறங்குவதற்காக.

மரியதாஸ் அண்ணா ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார். கரவன் அவர் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் போனது. சிவனேசன் அண்ணா ஏறிப் பார்த்தார். காரும் கரவனும் முகம் கொடுத்துப் பேசாத மைத்துனர்கள்போல் மடிந்து நின்றன. மறுபடி மரியதாஸ் அண்ணா. துறைமுக ஆள் மணிக்கூட்டைக் காட்டி, பத்து நிமிஷத்தில் கதவை மூடுவேன் என்றார். அடுத்த கப்பல் பிடித்தால் கல்யாணம் முடிந்துதான் போய்ச்சேரலாம். அண்ணா காருக்குள் இருந்தபடியே என்னைக் கண்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

“தங்கச்சி! பெரியது எல்லோ எடுத்தனாங்கள்! ஓர் ஆளை அனுப்பச் சொல்லு!”

“பழுது இருந்தால்தான் வருவினம் அண்ணை!” என்று நான் கத்தினேன். துறைமுகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அது என் குரல் என்று எனக்கே தெரிய ஒரு நிமிஷம் எடுத்தது. என்ன பிரச்சினை என்று கேட்ட செம்மஞ்சள் மேலங்கிக்காரருக்கு இத்தாலிய மொழியிலும் அதையே கத்தினேன்.

“பழுது இருக்கிறது சிஞ்ஞோரினா. ஸ்டியரிங்கில் இல்லை, அதைப் பிடித்திருப்பவரில்.”

றீற்றா அக்கா பிள்ளையை என் கையில் தந்தார். செருப்பைக் கழற்றி அதையும் தந்தார். காரின் கதவைத் திறந்து புருஷனின் தோளில் இரண்டு தரம் தட்டினார், அவர் இறங்கினார். அக்கா ஆசனத்தை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, காரை முன்னே எடுத்து நேராக்கினார். பிறகு தலையை வெளியே நீட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்து, கிழவரின் வள்ளத்தைக் கொட்டகைக்குள் விடுவதுபோல், ஒரே எடுப்பில் கரவனைப் பின்னுக்கு எடுத்துக் கப்பலுக்குள் விட்டார். வெறுங்காலோடு நடந்து திரும்பி வந்து, என்னிடமிருந்து செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் பத்திரக் கட்டையும் வாங்கிக்கொண்டு ஏறிப்போனார்.