பன்னிரண்டாவது நிபந்தனை

என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கர்வத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐம்பதுகளின் நடுவில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். கணவருக்குத் திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீடு அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில் இருந்தது. நீளமான வீடு, மூன்று அறைகள், கொல்லையில் கிணறு. மாமனார் மாமியார் இரண்டு பேரும் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் மாமனார் ஆரம்பித்துவைத்த ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்களுக்கு முன் அறையையும் நடு அறையையும் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இது உண்டு. சத்திரங்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காத சமயம் அது.

"பெருமாளைப் பாக்க வர்றவங்க. நம்ம வீட்ல தங்குனா நமக்கும் புண்ணியம்" என்பார் கணவர். சொல்லிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். வந்தவர்களோடு மாரடிப்பது நான்.

முதல் வருஷமே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று பேர் என்று சொல்லி அறை எடுப்பார்கள், ஒன்பது பேர் வந்து இறங்குவார்கள். கேட்டால், "இவங்க குளிச்சுட்டுப் போயிடுவாங்க" என்பார்கள். குளித்தவர்கள் சாப்பிடுவார்கள், சாப்பிட்டவர்கள் அங்கேயே படுத்துவிடுவார்கள். எண்ணெய்த் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அவர்கள் போன பிறகு, வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்துக்கு ஒன்று, பிள்ளை உயரத்துக்கு ஒன்று என்று வட்டம் வட்டமாகக் கறை இருக்கும். வெற்றிலைக்குத் தடவின சுண்ணாம்பு விரலில் மிஞ்சினால் கதவு நிலையில் ஒரு இழுப்பு. "துளி மோர்", "துளி புளி", "துளி உப்பு" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பார்கள். அந்தத் துளிகளைச் சேர்த்தால் ஒரு கல்யாணம் நடத்தலாம். வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பாதாளக் கரண்டி இரவல் வாங்க எதிர் வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு அம்மாள் என் சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு, அதில் நாலு நரைமுடியை ஒட்டவைத்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சோப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த மார்கழி வருவதற்குள் ஒரு பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் நீல மையில் எழுதினேன். மேலே "நிபந்தனைகள்". அதற்கடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. ஒன்று முதல் பதினொன்று வரை. சுவர், சுண்ணாம்பு, சோப்பு, கயிறு, மோர் எல்லாம் அதில் வந்துவிட்டன. கணவர் படித்துவிட்டு, "இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முன் அறையில் ஆணியடித்து மாட்டினேன்.

அந்த வருஷம் நடு அறைக்குக் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, நான்கு பிள்ளைகள். முன் அறைக்கு முசிறிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கணவன் மனைவி இரண்டு பேர். அவருக்கு எழுபது இருக்கும், உயரமான, ஒடிசலான மனிதர். அந்த அம்மாளுக்கு அறுபது சொல்லலாம். ஏகாதசிக்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் என்று சொல்லி இரண்டே பேர் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அட்டையை அவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்போது என் பையனுக்கு எட்டு மாதம். பெரியவர் வந்த அன்றே அவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வைத்த ஐந்தாவது நிமிஷம் அவன் அவருடைய வேட்டியை நனைத்தான். நான் பதறிப்போய் ஓடினேன். "இருக்கட்டுங்க. பச்சப்புள்ள ஈரம், என்ன ஆயிடப்போவுது" என்று சிரித்தார். வேட்டி தானாகக் காயும்வரை வெயிலில் அவனோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சொன்னார், அத்தனை வயதுக்கும் பரமபத வாசலில் அவர் நுழைந்ததே இல்லையாம். மார்கழியில் சம்பாக் கதிர் முற்றி நிற்கும், வயலை விட்டு நகர முடியாது. இப்போது மருமகன் வயலைப் பார்த்துக்கொள்கிறான். "உசுரு போறதுக்குள்ள ஒரு தடவ, தொறக்குற அன்னிக்கே நொழைஞ்சுரணும். வேற ஆசையெல்லாம் இல்லீங்க" என்றார்.

மறுநாள் விடிகாலையில் கிணற்று ராட்டினம் கிறீச் கிறீச்சென்று கத்தியது. வாளி வாளியாக யாரோ இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பையன் வீறிட்டு எழுந்தான், அப்புறம் தூங்கவேயில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால் அந்த அம்மாள். "என்னங்கம்மா, விடியறதுக்குள்ள இத்தன தண்ணி? புள்ள முழிச்சுக்கிறான்ல" என்றேன். "இனிமே செய்ய மாட்டேங்க" என்றாள்.

அதற்கு அடுத்த நாளும் செய்தாள். அன்றைக்கு மெதுவாக இழுத்தாள். அதனால் கிறீச்சென்ற சத்தம் இன்னும் நீளமாகக் கேட்டது. பையன் மறுபடி எழுந்தான். கொல்லையில் வேலி ஓரமாக, அவளுடைய ஈரப்புடவைக்கு அடியில், அவர்களுக்குப் படுக்க நான் கொடுத்த பாய் சொட்டச் சொட்டத் தொங்கியது. புதுக் கோரைப் பாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாம் நாளும் ராட்டினம் கத்தியது, பாயும் நனைந்திருந்தது. மறுநாள் ஏகாதசி.

கணவர் கடைக்குப் போனதும் நான் மை எடுத்து, அட்டையில் பன்னிரண்டாவதாக ஒன்று எழுதினேன். "பாயை நனைக்கக் கூடாது. விடியுமுன் தண்ணீர் இறைக்கக் கூடாது." அப்படியே மாட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கரூர்க் குடும்பம் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் வெயிலுக்காகத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் படிப்பதுபோல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை உரக்கப் படித்தேன். கரூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கடைசியாக, "பாயை நனைச்சது யாரு? சொல்லுங்க" என்றேன். யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"நாந்தாங்க. தூக்கத்துல சொம்புத் தண்ணியத் தட்டிட்டேன்" என்றாள் அந்த அம்மாள்.

"மூணு நாளுமா சொம்பு தட்டுச்சு?"

கரூர்க்காரர் வாயில் பல்பொடியோடு சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நான் மறைத்துப் பிரயோஜனம் இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பெரியவர் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அவ இல்லீங்க. நாந்தான். வயசாயிடுச்சு, தூக்கத்துல தெரியமாட்டேங்குது. உங்களுக்குத் தெரிய வேணாம்னு அவ விடியறதுக்குள்ள அலசுறா."

அவருடைய தலைக்கு மேல் கொடி முழுக்க என் பையனின் ஈரத்துணிகள். ஏழோ எட்டோ இருக்கும். நடுக்கொல்லையில், எல்லோரும் பார்க்க, நான்தான் காயப்போட்டிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் வெட்கத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் இப்படிச் செய்திருப்பேனா என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். குழந்தைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த அம்மாள் அறையைக் கூட்டி, பாயை உலர்த்தி, சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தாள். சுவரில் ஒரு கறை இல்லை. நான் வாசலுக்கு வந்தேன். "நாளைக்குத்தானே ஏகாதசி, இருந்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சொன்னால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க. வாசல் எங்க போயிடப்போவுது" என்றார் பெரியவர், மனைவியிடமா என்னிடமா தெரியவில்லை. என் பையன் தலையில் கையை வைத்துவிட்டு இறங்கினார். "போயிட்டு வரேங்க" என்றாள் அந்த அம்மாள்.

சாயங்காலம் கணவர் வந்து, "பெரியவர் எங்க?" என்று கேட்டார்.

"ஊர்ல ஏதோ அவசரமாம், போயிட்டாங்க."

கரூர் அம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடு அறைக்குள் போனாள். "அடப் பாவமே, ஒரு நாள்ல போச்சே" என்று கணவர் அன்று படுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அந்த வாசலில் நுழைந்தேன். எனக்கு முன்னால் ஒரு கிழவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. எல்லோரும் "ரங்கா ரங்கா" என்று கதறினார்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கழற்றி, அடுப்பில் வைத்து எரித்தேன்.

அடுத்த மார்கழியில் அந்த அம்மாள் வந்தாள். தனியாக வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கக்கத்தில் சுருட்டின பாய் ஒன்று.

"அவரு ஆடியில போயிட்டாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாய் நானே கொண்டாந்துட்டேன்" என்றாள். அதில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக் காட்டினாள். அவருடைய துண்டு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நுழையப்போவதாகச் சொன்னாள். "அவரு நொழைஞ்ச மாரி ஆயிடும்ல?" என்று என்னைக் கேட்டாள். படித்தவள் அல்லவா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தாள். "அட்டையக் காணோமே? படிச்சுச் சொல்லிடுங்க. தெரியாம ஏதாச்சும் செஞ்சுடப் போறேன்."

"இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை அன்றும் வரவில்லை. இன்றுவரை அதை என்னால் யாரிடமும் சொல்ல முடியாமலே போய்விட்டது. அவள் இருந்த நான்கு நாளும் மோர் கொடுத்தேன், குழம்பு கொடுத்தேன், என் சோப்பைக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும், "எதுக்குங்க சிரமம்" என்று கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள்.

ஏகாதசியன்று அவளுக்கு முன்னால் எழுந்தேன். அவள் குளிக்கட்டும் என்று தொட்டியை நிரப்பப் போனேன். வாளியைக் கிணற்றில் இறக்கி இழுத்தேன். ராட்டினம் கிறீச்சென்றது. இரண்டாவது வாளிக்குக் கயிற்றைப் பிடித்தபோது, பின்னாலிருந்து அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இடுப்பில் அந்தச் சிவப்புத் துண்டு.

"மெதுவாங்க" என்றாள். "புள்ள முழிச்சுக்கப் போவுது."