போட்டோ கேட்டு வந்தவர்

சாமித்துரையின் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அங்கே யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படித்தான் பேச்சு. அவர் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். விபத்தென்று தகவல் வந்ததும் இறந்தவரின் வீட்டுக்குப் போய்ப் போட்டோ வாங்கிவர வேண்டும். சில சமயம் வீட்டாருக்கு விஷயமே தெரிந்திருக்காது. அப்போது, லேசான காயந்தான், பேப்பருக்கு ஒரு போட்டோ வேணும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை.

நல்லதையும் எழுதித்தான் பார்த்தார். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் அமோகமாக விளைந்ததை எழுதினார், வரவில்லை. இளவட்டங்கள் சேர்ந்து ஊருணியைத் தூர்வாரியதை எழுதினார், அதுவும் வரவில்லை. ஆபீஸைக் குறைசொல்லவும் அவருக்கு வாய் வராது. டீக்கடையில் பேப்பரை விரித்தால் அவர் கண்ணே முதலில் விபத்தைத்தான் தேடும்.

பசுவந்தனைப் பெண் சுந்தரேஸ்வரி மாநில ஹாக்கி அணிக்குத் தேர்வானபோது, படத்தோடு அனுப்பினால் போடுகிறோம் என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

தாய் வெயிலுகந்தம்மாள் தெருமுனையில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திய சாமித்துரை, வந்த விஷயத்தைச் சொல்லுமுன், பழக்கதோஷத்தில் அதைத்தான் கேட்டார்.

"ஒரு போட்டோ வேணும் தாயி."

அவள் அப்படியே வத்தல்மீது உட்கார்ந்துவிட்டாள். மகன் சுடலைக்குமார் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தான்.

சாமித்துரை பதறிப்போய், பையனுக்கு ஒன்றுமில்லை, மகளுக்குத்தான் நல்ல சேதி என்றார்.

"பத்திரகாளி வீட்லயும் ஒண்ணுமில்லன்னுதான அண்ணாச்சி சொன்னீய?"

சாமித்துரை திரும்பிப் பார்த்தார். அந்த வீடு எதிரில்தான் இருந்தது. மாலை போட்ட போட்டோ வாசல் வழியாகவே தெரிந்தது. அவர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த அதே போட்டோ.

சுடலைக்குமாரைப் போனில் பிடிக்க முடியவில்லை; ஆலை வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆலை நம்பரையும் யாரும் எடுக்கவில்லை. பெண்கள் கூடிவிட்டார்கள். அழுகை தெருவெல்லாம் கேட்டது. சாமித்துரை சொல்லச் சொல்ல அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. கிளம்பிப்போகவும் மனம் வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார்.

பொழுது சாய்ந்து ஆலை வேன் வந்தது. தூக்குச்சட்டியோடு சுடலைக்குமார் இறங்கினான். வெயிலுகந்தம்மாள் அவன் முகத்தை, தோளை, விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் அழவில்லை.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்சி முடிந்து வந்த சுந்தரேஸ்வரிக்கு அப்போதுதான் தன் சேதி தெரிந்தது. உள்ளே ஓடி, ஹாக்கி மட்டையோடு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தாள். தாய் குறுக்கே கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் வந்திருக்கீய, இப்பத் தெரியுது. ஆனா எம் மவ போட்டோ ஒங்க கைக்கு வரவேண்டாம் அண்ணாச்சி."

அந்தப் பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கண் நிறைந்துவிட்டது. சாமித்துரை போளிப் பொட்டலத்தை எடுத்தார். கொடுக்கத் தோன்றாமல் மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வழியில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. போட்டோ கிடைக்கவில்லை என்றார். பரவாயில்லை, அந்த இடத்துக்கு நாலுவழிச் சாலையில் நடந்த லாரி விபத்து இருக்கிறது, செத்தவர் படம் உடனே வேண்டும் என்றார்கள்.

சாமித்துரை வண்டியை ஓரம் கட்டினார்.

"வீடு எங்க?" என்று கேட்டார்.