தெற்குச் சரிவில் பாய் விரித்தவள்

சத்தியமாகச் சொல்கிறேன், இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் கண்ணூருக்கு வந்து என்னோடு அந்தக் குன்றில் ஏறட்டும். ராத்திரி வரவேண்டியதில்லை, பட்டப்பகலில் வந்தாலே போதும்.

குப்பை கொட்டுவதற்காகக் குன்றில் பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. வெட்டிப்போட்ட செம்மண் கரைந்து கீழே ஓடைக்கும் வயலுக்கும் போய்விடக் கூடாது. அதற்காகச் சரிவு முழுக்கத் தேங்காய் நார்க் கயிற்றுப் பாய் விரித்து, மூங்கில் முளை அடிப்பது எங்கள் வேலை. வடக்குச் சரிவு என் கூட்டத்துக்கு. தெற்குச் சரிவு விலாசினி கூட்டத்துக்கு.

எஞ்சினியர் ஷிஹாப் சார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அடுத்த பள்ளத்துக்கு ஒரு கூட்டம்தான் வேணும். யார் பக்கம் தண்ணி தெளிஞ்சு வருதோ, அவங்க இருக்கலாம். மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்."

என் பக்கம் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஓடியது. அவள் பக்கம் இளநீர் மாதிரி வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பாயைப் பிடிக்கவே என்னிடம் கற்றுக்கொண்டவள் அவள்! அவள் சிரித்தால் எனக்குச் சோறு இறங்காது.

"மண்ணுக்கு என்னடி வசியம் வெச்ச?" என்று கேட்டேன்.

"ஏன் யசோதேச்சி, வேணும்னே கேக்கறீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிர் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம். எல்லோரும் ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலாசினி மத்தி மீன் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவள் குட்டு வெளிப்படட்டும் என்று நான் நைசாக நழுவித் தெற்குச் சரிவில் ஏறினேன். மழை இருட்டிக்கொண்டு பெய்தது.

டக்... டக்... டக்...

முளை அடிக்கும் சத்தம்.

சரிவின் நடுவே விலாசினி உட்கார்ந்திருந்தாள். அதே நீல மழைக்கோட்டு. எனக்கு முதுகு காட்டியிருந்தாள்.

எனக்கு முன்னால் எப்படி வந்தாள்?

அவள் விரித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஓடு வேய்கிற மாதிரி, மேல்பாயின் விளிம்பு கீழ்பாயின் மேல் ஏற வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பாய்க்கு அடியில் புகுந்து மண்ணை வாரிக்கொண்டு போகும். இவள் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டிருந்தாள். வசமாக மாட்டினாள்!

ஆனால்... சிவப்புத் தண்ணீர் பாய்க்கு அடியில் புகுந்தது. கீழே தெளிந்து வந்தது.

அப்படியானால் மண் எங்கே போகிறது?

பாய் அசைந்தது. காற்றே இல்லை. போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பது போல...

டக்...

அவள் கையில் சுத்தியல் இல்லை.

டக்...

சத்தம் என் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

"விலாசினி...?"

அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"வேணுமா?"

விழுந்தடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே விலாசினி கை கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"முதல் நாள் விரிச்சதோட சரி யசோதேச்சி. மறுநாள் பார்த்தா எல்லாம் மாறிக் கெடந்துச்சு. அப்புறம் நாங்க அதுல கை வைக்கல. நீங்கதான் மதியம் மதியம் ஏறி மாத்துறீங்கன்னு நெனச்சேன். என் கண்ணால பார்த்தேன். உங்க மஞ்சக் கோட்டு, உங்க முதுகு... எனக்குத் தெரியாதா? இவளுக்கு மட்டும் எப்படி இந்தக் கைன்னு பொறாமையில வெந்தேன்."

"உன்கிட்டயும் 'வேணுமா'ன்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீங்கன்னு நெனச்சு 'உங்க ஒத்தாசை ஒண்ணும் வேணாம்'னு கத்திட்டு வந்துட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று கூடச் சொல்லவில்லை.

விலாசினி அன்றைக்கே தன் கூட்டத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தேன். என் வடக்குச் சரிவிலும் தண்ணீர் இளநீர் மாதிரி வந்துகொண்டிருந்தது.

ஷிஹாப் சாருக்கு ஒரே சந்தோஷம். "அடுத்த பள்ளம் உங்களுக்குத்தான்" என்றார்.

நான் குனிந்து பாயைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. வரிசை வரிசையாக முளைகளின் கூர்முனை எல்லாம் வானத்தைப் பார்த்து நின்றன.

அடியிலிருந்து அடித்திருந்தார்கள்.