நின்ற என்ஜினின் மூச்சு

விரலைப் பிடுங்கினேன். வரவில்லை.

காரின் பின் சீட்டில் என் ஆறு வயது மகள். ஷெட்டின் ஷட்டர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்ட என்ஜின் மறுபடி உறுமியது. சத்தியமாக நடந்தது இது. நம்பாதவர்கள் வந்து என் ஆட்காட்டி விரலில் இருக்கும் வட்டத் தழும்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய காரைக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. "ஒரு டாக்டர்கிட்ட வாங்கினது மாமா. ஓசியில வர்ற வண்டி, புகை விட்டா மூஞ்சியச் சுளிக்காதீங்க" என்று சிரித்தான். புகை மட்டுமா? என்ஜினைச் சுற்றி எண்ணெய்க் கசிவு வேறு. மனைவி அந்தக் காரில் ஏறவே மாட்டாள். மகளையும் ஏறவிட மாட்டாள். அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள். பகல் 12.10.

எனக்கு வால்வின் மேல்தான் சந்தேகம். என்ஜின் வயிற்றில் சேரும் கெட்ட காற்றை உறிஞ்சி எடுக்கும் சின்ன வால்வு. கழற்றிக் குலுக்கினால் 'டிக் டிக்' என்று ஆட வேண்டும். சத்தமே இல்லை. கம்பியால் நோண்டினேன். துணி... யாரோ வேண்டுமென்றே திணித்த நீலத் துணி.

எடுத்தேன். வால்வைக் குழாயில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, அதன் வாயில் விரலை வைத்தேன். நல்ல இழுப்பு.

"சரியாயிடுச்சு! பாப்பா, எட்டி சாவியத் திருப்பு."

என்ஜின் நின்றது.

இழுப்பு நிற்கவில்லை.

இழுத்தது... விட்டது... இழுத்தது... வெதுவெதுப்பாக.

மூச்சு!

அப்போதுதான் அந்த உறுமல். ஷட்டர். புகை.

"அப்பா... பக்கத்துல ஒரு தாத்தா இருமுறாரு."

பிய்த்தேன். தோல் அங்கேயே தங்கிவிட்டது. மகளை அள்ளிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு முழ இடைவெளியில் வெளியே உருண்டேன்.

பின்னால் ஷட்டர் டமார்!

மனைவி வந்து விரலுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தாள். "சூடு பட்டுடுச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மகள்தான் உளறினாள்.

"கார்ல ஒரு தாத்தா இருமினாரும்மா."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"துணிய எடுத்துட்டீங்களா?"

துணியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த மூச்சு கேக்கக் கூடாதுன்னு தம்பி அடைச்சு வெச்சது. அது... எங்கப்பா காரு."

கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று எட்டு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்த மாமனார்!

"ஆஸ்பத்திரியில சாகல. கார்லதான். என்ஜின் ஓடிட்டிருக்கும்போதே தம்பி ஷட்டர இறக்கி வெளிய பூட்டிட்டான்."

"நீ எங்க இருந்த?"

கட்டின் நுனியை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பூட்ட எடுத்துக் குடுத்ததே நான்தான்."