ஆர் எண்டு கேள்

அம்மா வேலை செய்த வீடுகளில் எனக்குப் பிடித்தது இத்தாலியின் பகேரியாவில் இருந்த, ‘சிஞ்ஞோரா’ என்று நாங்கள் கூப்பிட்ட கிழட்டு அம்மணியின் வீடுதான். இளம் வயதில் டைனோசர் எலும்பு தேடிப் பாலைவனங்களில் அலைந்தவர் அவர். அந்தக் காலத்தில் பெண்களை அந்த வேலைக்குச் சேர்ப்பதில்லையாம். முதல் பயணத்தில் கோப்பி போடத்தான் கூட்டிப்போனார்களாம். கோப்பிக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விலா எலும்பைக் கண்டது அவர்தான். அதன்பிறகு அவரிடம் கோப்பி கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இந்தக் கதையைச் சனிக்கிழமை தவறாமல் சொல்வார். ஆனால் வீட்டில் ஒரு எலும்பைக்கூட நான் கண்டதில்லை என்பதால், எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

எனக்கு அப்போது எட்டு வயது. சனிக்கிழமைகளில் அப்பாவும் வேலைக்குப் போய்விட, என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா ரயிலில் கூட்டிப்போவார். அவருக்கு இத்தாலியன் அரைகுறை, நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியால் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

அன்று சிஞ்ஞோரா, எப்போதும் பூட்டிக் கிடக்கும் பின்னறையின் சாவியைத் தந்தார். அருங்காட்சியகத்து ஆட்கள் வருகிறார்கள், தூசி தட்ட வேண்டும் என்றார். உள்ளே ஒரு நீண்ட மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. அம்மா துணியை இழுத்தார்.

செம்மண் கட்டிக்குள் பாதி புதைந்தபடி எலும்புகள் கிடந்தன. விலா எலும்புகள், மடங்கிய கால், ஒரு பக்கம் சரிந்த சிறிய மண்டை ஓடு. பற்கள் அப்படியே இருந்தன. முழுவதும் சேர்த்தால் என் உயரம்தான் இருக்கும்.

அம்மாவின் கையிலிருந்த வாளி விழுந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அந்த ஈரத்திலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். பேய் வந்தாலும் விளக்குமாற்றால் விரட்டக்கூடிய அம்மாவை நான் அப்படிக் கண்டதேயில்லை. எலும்பைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சத்தம் கேட்டுச் சிஞ்ஞோரா ஊன்றுகோலோடு வந்தார்.

“இது ஆர் எண்டு கேள்,” என்றார் அம்மா.

இது என்ன என்று இத்தாலியனில் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“என்ன எண்டில்லை. ஆர் எண்டு கேள்.”

கேட்டேன். சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டைனோசர்க் குட்டி என்றார். மனிதரே இல்லாத காலத்தது என்றார். நான் சொல்லியும் அம்மா நம்பவில்லை. எழும்பிப்போய் மண்டை ஓட்டை நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு காலம் கிடந்தும் உக்கேல்லையோ? மனிசற்றை எலும்பும் இப்பிடிக் கிடக்குமோ? ஒரு பல்லை வைச்சு, இன்னார் எண்டு சொல்லேலுமோ எண்டு கேள்.”

எனக்கு அது விசர்க் கேள்வியாகப் பட்டது. வெட்கத்தோடுதான் மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோரா ஈரத் தரையில் மெல்ல நடந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தார்.

“முடியும். ஆனால் யாராவது தோண்ட வேண்டும். தோண்ட விடவும் வேண்டும்.”

அம்மா தலையாட்டினார். பிறகு ஒரு மெல்லிய பிரஷை எடுத்து ஒவ்வொரு எலும்பாகத் தூசி தட்டினார். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைப்பது போல அவ்வளவு மெதுவாக.

மாலை ரயிலில் திரும்பி, ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே, “எலும்பைப் பாத்து அம்மா பயந்திட்டா,” என்று அப்பாவிடம் சிரித்தபடி சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் அம்மாவிடம் போனார்.

அம்மாவின் தம்பி, இலங்கையில் யுத்தம் முடிந்த நாட்களில் இராணுவத்தால் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊரில் ஒரு புதைகுழியைத் தோண்டுகிறார்கள் என்று அந்தக் கிழமைதான் தொலைபேசியில் செய்தி வந்திருந்தது என்பதும் தெரியாது. அம்மா டைனோசரைப் பற்றித்தான் கேட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.