ஒரு வரியை எங்கே ஆரம்பிப்பது

இரத்தினபுரி டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். மென்பொருள் எழுதுகிறோம். மொத்தம் ஐந்து பேர். அதில் தமிழர்கள் இருவர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு சீனியர், பிறகு நான். நான் எஹலியகொடைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா இன்னமும் அங்கேதான் பால் வெட்டுகிறாள். வேலை எப்படி என்று யாராவது கேட்டால் நல்ல வேலைதான் என்று சொல்வேன். ஆனால் போன மழைக்காலத்தில் நாங்கள் போட்ட ஒரு சண்டையை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மழை எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தோட்டங்களில் மழைமானி வைத்து ஆட்கள் அளந்து அனுப்புவார்கள். அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கத்து போன்களுக்கெல்லாம் 'மண் சரியலாம், வெளியேறுங்கள்' என்று செய்தி தானாகப் போகும். சிங்களத்திலும் தமிழிலும். அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடிய கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த வேலை கிடைத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எங்கள் தோட்டத்துப் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. அம்மாவின் நம்பரை நானே பதிந்தேன்.

எல்லாம் ஓட ஆரம்பித்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் தமிழ்ச் செய்தியை என் சொந்த போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். கேள்விக்குறியாக வந்தது. வரிசையாக, வெறும் கேள்விக்குறிகள். தேடிப் பார்த்தால் காரணம் சின்னது. ஒவ்வொரு செய்தியோடும், இது ஆங்கில எழுத்து அல்ல என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சிங்களச் செய்திக்கு அந்தக் குறிப்பு இருந்தது, தமிழுக்குப் போட மறந்திருந்தார்கள். சோதித்தவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை அனுப்பி, அது சரியாக வந்ததும் எழுந்து போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டு வரியில் திருத்தினேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி, யார் எதை எழுதினாலும் இரண்டு சீனியர்களும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் சேரும். இருவருக்கும் அனுப்பினேன்.

புரோகிராம் எழுதும்போது சில வரிகளை இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிப்போம். எது எதற்குள் அடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. அப்படித் தள்ளுவதற்கு டேப் என்ற பட்டனை ஒரு தடவை தட்டலாம், அல்லது ஸ்பேஸ் பட்டனை நாலு தடவை தட்டலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாங்கள் எழுதிய மொழியில் கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான் டேப் தட்டியிருந்தேன்.

யாழ்ப்பாணத்துச் சீனியர் என் மேசைக்கு வந்தார். மரியாதையானவர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"தங்கச்சி, இதை இப்பிடியே விட ஏலாது. ஸ்பேஸ் எண்டால்தான் எந்த மெஷினிலயும் ஒரே மாதிரித் தெரியும். மாத்திப்போட்டு அனுப்பும்" என்றார்.

மற்றச் சீனியர் சிங்களவர், பெல்மதுளைக்காரர். அவர் தன் நாற்காலியிலிருந்தே திரும்பி, மாற்றத் தேவையில்லை, அந்தக் கோப்பை முதலில் எழுதியது நான்தான், டேப்பில்தான் எழுதினேன், பாதியில் வந்தவர்கள்தான் ஸ்பேஸ் போட்டுக் கெடுத்தார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பாதியில் வந்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று ஆரம்பித்தது. என் திருத்தத்துக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் இருவரும் மாறி மாறி எழுதினார்கள். வெளிநாட்டில் பெரிய நிறுவனங்கள் எப்படி எழுதுகின்றன என்று ஒருவர் இணைப்புப் போட்டார். அதற்கு எதிராக மற்றவர் இன்னொன்று போட்டார். பிறகு பேச்சு அடைப்புக்குறிக்கு மாறியது. அதை வரியின் முடிவிலேயே திறப்பதா, அடுத்த வரியில் தனியாகத் திறப்பதா. தேநீர் குடிக்கும்போதும் அதே பேச்சு. ஒருவர் எழுதும் விதத்தைப் பார்த்தே அவர் வளர்ந்த விதத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கோப்பையைத் தட்டென்று வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் கொழும்பில் இருந்தார். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்.

இவ்வளவையும் நான் ஓரமாக நின்று பார்த்ததாகச் சொன்னால் அது பொய். நான்காம் நாள் நானும் எழுதினேன். டேப்தான் சரி என்று, படங்கள் ஒட்டி, ஒன்றரைப் பக்கத்துக்கு. சிங்களச் சீனியர் அதற்குக் கைதட்டும் படம் போட்டபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவள் இந்த விஷயத்திலும் வாயைத் திறப்பாள் என்று காட்டிவிட்ட மாதிரி இருந்தது. டேப் எல்லாவற்றையும் ஸ்பேஸாக மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை. நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று இருந்தேன்.

பதினோராம் நாள் பகல் முழுக்க மழை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தோட்டத்துக்கு எச்சரிக்கை போனது. திரையில் பச்சையாக 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. என் திருத்தம் இன்னமும் சேராமல்தான் கிடந்தது. அம்மாவுக்கு போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டு, ஐந்து மணிக்கு மேல்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னாள். பின்னால் ஆட்கள் கத்திப் பேசும் சத்தம் கேட்டது.

"புள்ள, மெசேஜு ஒன்னு வந்துச்சு. ஒரே கேள்விக்குறியா இருந்திச்சி. போன் கம்பெனி வெளம்பரமாக்கும்னு அழிச்சிட்டேன்" என்றாள்.

அவளைப் போலத்தான் லயத்தில் எல்லாரும் அழித்திருக்கிறார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளிக்கு மட்டும் செய்தி ஒழுங்காக வந்திருக்கிறது. அவர் படித்துவிட்டு, மேலே லயத்தில் யாரும் அசையக் காணோமே என்று குடையோடு ஏறி வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியிருக்கிறார். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மண் வந்து லயத்தின் பின்பக்கக் குசினிகளை அடுப்புகளோடு மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. அம்மாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு அக்கா மட்டும் அடையாள அட்டையை எடுக்க உள்ளே திரும்பிப் போயிருக்கிறார். சுவர் விழுந்து கால் முறிந்துவிட்டது.

மறுநாள் காலை அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துச் சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிங்களச் சீனியர், அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கே யாரையும் கேட்காமல் என் திருத்தத்தைச் சேர்த்தேன். கேட்காமல் சேர்த்ததற்கு மேனேஜர் எழுத்தில் கண்டித்தார். ஏற்றுக்கொண்டேன். பிறகு எல்லா வரிகளையும் தானாகவே ஒழுங்குபடுத்தும் ஒரு கருவியைப் போட்டார்கள். போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. அடுத்த வாரம் நான் படியேறும்போது, சொற்களை ஒற்றை மேற்கோளில் போடுவதா இரட்டையில் போடுவதா என்று இரண்டு குரல்கள் கேட்டன. நடுப்படியில் நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் மேலே ஏறிப்போய் உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, ஏன் நமக்கு மட்டும் செய்தி கேள்விக்குறியாக வந்தது என்று கேட்டார். கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். ஒரு பிழை இருந்தது, திருத்தியும் வைத்திருந்தோம், ஆனால் வரியை எவ்வளவு தள்ளி ஆரம்பிப்பது என்று ஆபீசில் ஒரு சண்டை, அதில் அப்படியே கிடந்துவிட்டது என்று சொன்னேன். அவர் விளங்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"தள்ளி எழுதாட்டி மெசேஜு போகாதா?" என்றார் அக்கா.

"போகும்க்கா. எப்புடி எழுதுனாலும் போகும்."

"அப்பறம் என்னாத்துக்குச் சண்ட புடிச்சாங்க?"

அவர் ஒரு சுளையை எனக்கு நீட்டிவிட்டு, சண்டை பிடித்தது யார் யார் என்று கேட்டார்.

"பெரியவங்க ரெண்டு பேரு" என்றேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதிய மூன்றாவது ஆளைச் சொல்லவில்லை. அக்கா பார்க்காத நேரம் அந்தச் சுளையைக் கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டேன்.