சாடை கேட்கும் தூரம்

பெரியம்மா என்னை அன்ஃபாலோ செய்துவிட்டாள் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அவளுக்குப் பெரியம்மா, எனக்கு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவர்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அழைப்பைப் போனில் அனுப்பிவிட்டார்கள், வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கூப்பிடவில்லை என்று என் வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். நாங்கள் போகவில்லை. அன்று சாயங்காலமே அக்கா என்னைக் கழற்றிவிட்டிருக்கிறாள்.

இனிப் பேச்சே கிடையாதா என்று கேட்டேன். மகளுக்குச் சிரிப்பு. அன்ஃபாலோ வேறு, ம்யூட் வேறு, பிளாக் வேறு என்று பொறுமையாக விளக்கினாள்.

எனக்கா இதெல்லாம் புதிது? ராஜபாளையத்தில் இதே வீட்டில் அம்மா வாயில் இதற்கெல்லாம் சொல் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லை என்றால் கோபம் இளசு. கை நனைப்பதில்லை என்றால், போவார்கள், ஆனால் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். போக்குவரத்தே இல்லை என்பது அதற்கும் மேல். நல்லது கெட்டதுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் அம்புட்டுதான், சாவுக்கும் வரமாட்டார்கள். வைகாசியில் அம்மாவுக்கு முதல் வருசத் திதி. அக்கா வருவாளா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். அதை எந்தப் போனும் சொல்லவில்லை.

அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் பல வருசம் பேசாமல் இருந்தவர்கள். நடுவில் ஒரு குட்டைச் சுவர். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் சித்தி தன் ஆட்டிடம் சத்தமாகச் சொல்வாள்: "ஏட்டி கருப்பி, தண்ணி வந்து எம்புட்டு நேரமாச்சு, சில பேருக்கு இன்னும் விடியல போல." அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மழை இருட்டினால், யார் வீட்டு வத்தலோ நனையப்போகிறது என்று அம்மா எங்களைப் பார்த்துக் கத்துவாள். சித்தி மாடிக்கு ஓடும் சத்தம் கேட்கும். அப்படி ஒரு சண்டைக்கு இப்போது மனசு ஏங்குகிறது.

நானும் சாடை பேசிப் பார்த்தேன். கொல்லையில் அம்மா வைத்த சப்பட்டை மாமரத்தைப் படம் எடுத்து, "காய் முத்திருச்சு, சில பேருக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். ஊரே பார்த்தது. கேஸ் சிலிண்டர் போடுபவர் எனக்கு ரெண்டு கிலோ என்று பதில் போட்டார். அக்கா பார்க்கவில்லை. ம்யூட்டும் பண்ணிட்டாங்க போல என்றாள் மகள். ஆட்டுக்குக் கேட்டது, சித்திக்குக் கேட்காமல் போன கதை.

கடைசியில் அக்கா வீட்டுக்காரருக்கு, அத்தானுக்குப் போன் போட்டேன். திதிக்கு நாள் சொன்னேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார் என்பது குக்கர் விசில் கேட்டதில் தெரிந்தது. மாமரத்தில் காய் பறிக்க ஆள் வருகிறது என்று வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

பிறகு அடுப்படியிலிருந்து அக்கா, என்னிடம் இல்லை, அத்தானிடம் சொன்னாள்:

"அம்மா படையலுக்குச் சப்பட்டைதான் வைக்கணும். ஆள விட்டு உலுப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. நான் மொத நாளே வந்து என் கையால பறிச்சுக்கிடுதேன்."

நான் அழுதுவிட்டேன். அக்கா இன்னும் என்னை ஃபாலோ செய்யவில்லை.